கொல்லையில் கொட்டாங்குச்சிக் கரி: பக்கத்து வீட்டுக்குப் புகை போகாமல் சுட முடியுமா?

கேள்வி: அரசலாறு

கும்பகோணத்தில் நெருக்கமான தெரு. கொல்லை 18 அடிக்கு 30 அடி, மூன்று பக்கமும் மதில். மேற்குப் பக்கத்து வீட்டில் மாடியில் துணி காயப்போடுவார்கள், கிழக்குப் பக்கம் கூரைக் கொட்டகை. தேங்காய் மண்டியில் இருந்து கொட்டாங்குச்சி மூட்டைக் கணக்கில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதைக் கரியாக்கினால் தெருமுனை இஸ்திரிக் கடையில் வாங்கிக்கொள்வார்கள், வீட்டில் குமுட்டிக்கும் சாம்பிராணிக்கும் ஆகும்.

குழி வெட்டி, மண் போட்டு மூடிச் சுடும் மூட்டம் போடுவதெல்லாம் இந்த இடத்தில் நடக்காது என்று தெரியும். டிரம் வைத்துப் புகையில்லாமல் சுடலாம் என்கிறார்கள். நிஜமாகவே புகை வராதா, இல்லை குறையுமா? எந்த அளவு டிரம், எத்தனை துளை, எவ்வளவு நேரம்? செய்து பழகியவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: டிரம்கரி

புகை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. பற்றவைத்த முதல் பத்து, பதினைந்து நிமிஷம் கொஞ்சம் வரும். அதற்கப்புறம் வரக் கூடாது. வந்தால் அமைப்பிலோ சரக்கின் ஈரத்திலோ கோளாறு இருக்கு.

கொட்டாங்குச்சியோ விறகோ 270, 280 டிகிரியைத் தாண்டினதும் தானாகவே சிதைய ஆரம்பிக்கும். அப்போது வெளியேறுவதில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், தார், அசிட்டிக் அமிலம் எல்லாம் இருக்கு. கண் எரியிற அந்த மஞ்சள் புகை இதுதான். இத்தனையும் எரியக்கூடிய சரக்கு. மூட்டத்தில் இதை அப்படியே வானத்துக்கு விடுறாங்க. நீங்க செய்ய வேண்டியது, இந்த வாயுவைத் திருப்பித் தீக்குள்ளேயே விட்டு எரித்துவிடுவது. புகையை உயரமாகத் தூக்கிவிடுவதோ, ஈரச் சாக்கு போட்டு அடக்குவதோ வழி இல்லை.

அதற்கு ரெண்டு டிரம் வேணும். வெளியே 200 லிட்டர் இரும்பு டிரம், குறுக்கே சுமார் 57 செ.மீ., உயரம் 88 செ.மீ. இருக்கும். உள்ளே 50 லிட்டர் டிரம், வளையம் போட்டு இறுக்கிற மூடியோட, 38 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் மாதிரி. இந்தக் கணக்கில் சுற்றிலும் ஒன்பது செ.மீ. சந்து கிடைக்கும். எரிவிறகு நிற்க அது போதும். அஞ்சு செ.மீ.க்குக் குறைந்தால் விறகு சிக்கிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் எரியும், கரியும் ஒரு பக்கம் பழுப்பாகவே நிற்கும்.

உள் டிரம்மின் மூடியில் 10 மி.மீ. துளை ஆறு போடுங்க. கொட்டாங்குச்சியைச் சின்னதாக உடைத்து நெருக்கமாக அடுக்கி, மூடியை இறுக்கி, டிரம்மைத் தலைகீழாக மூன்று செங்கல் மேல் வைக்கணும். துளைகள் கீழே பார்த்து இருக்கும். வாயு அந்த வழியாக இறங்கித் தணலில் பட்டு எரியும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிறது மேலும் வேகும். துளை இல்லாமல் உள் டிரம்மை அடைத்துச் சுடாதீங்க. அழுத்தம் ஏறி மூடி பறக்கும், இல்லை மடிப்பு வெடிக்கும். தார் படிந்து துளை தூர்ந்திருக்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஆணியால் குத்திப் பார்த்துவிட்டு வையுங்க.

வெளி டிரம்மின் அடி ஓரத்தில் ரெண்டு அங்குலத் துளை எட்டு. மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே இரண்டு செ.மீ. துளை ஆறு. இந்த மேல் துளையைப் பாதிப் பேர் விட்டுடுறாங்க. கீழே வந்த காற்றை அடித்தீ தின்றுவிடும். மேலே ஏறும் வாயுவுக்குக் காற்று இல்லையென்றால் எரியாமலேயே புகைபோக்கி வழியாகப் போகும். அந்தப் போக்கி, மூடிக்கு நடுவில் 6 அங்குலக் குழாய், அஞ்சு, ஆறு அடி உயரம்.

சந்து நிறைய கட்டைவிரல் கனத்தில் காய்ந்த சுள்ளி, சவுக்கு மிலாறு, துண்டாக்கிய தென்னை மட்டை. மேலேயும் ஒரு அடுக்கு. மொத்தம் 10, 12 கிலோ பிடிக்கும். மேலே இருந்து பற்றவைக்கணும். கீழே பற்றவைத்தால் மேலே இருக்கிற இன்னும் சூடேறாத விறகு வழியாகப் புகை ஏறும், தெருவே திரும்பிப் பார்க்கும். பற்றவைக்கும் முன்னாடி, போக்கியின் அடியில் ஒரு பிடி பன்னாடையைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கிக்கொண்டால் இழுவை உடனே பிடிக்கும். மண்ணெண்ணெய், டயர் துண்டு, பாலித்தீன் மூன்றும் வேண்டாம்.

முதல் அரை மணி வெள்ளையாக வருவதில் பெரும்பகுதி நீராவி. போக்கிக்கு மேல் ரெண்டு மூன்று அடியில் கரைந்து காணாமல் போனால் ஆவி, கரையாமல் நீளமாக இழுத்துக்கொண்டு போனால் புகை. முக்கால் மணியில் இருந்து ஒரு மணிக்குள் உள் டிரம் வாயுவைக் கக்க ஆரம்பிக்கும். அடித்துளை வழியாகப் பார்த்தால் செங்கல் சந்தில் ஊதினது போலச் சுடர் தெரியும், சத்தமும் கேட்கும். அதற்குப் பிறகு விறகு போட வேண்டியதில்லை. அரை மணி, முக்கால் மணி தானாக எரிந்து, சுடர் சுருங்கி நின்றதும் வேலை முடிந்தது. அடித்துளைகளையும் மேல் துளைகளையும் குழைத்த களிமண்ணால் அடைத்து, போக்கியை எடுத்துத் தகடு போட்டு மூடி, மறுநாள் காலைதான் திறக்கணும்.

பதில் 2: மேல்தீ

டிரம்கரி சார் சொன்னது நல்ல அமைப்பு. ஆனால் வெறும் கொட்டாங்குச்சிக்கு அவ்வளவு வேண்டாம் என்பது என் கட்சி. ஒற்றை டிரம் போதும்.

ஒரு 200 லிட்டர் டிரம்மின் அடியில் 12 மி.மீ. துளை 35, 40. அடியில் காற்று ஏற டிரம்மைச் செங்கல் மேல் நிறுத்துங்கள். வாயில் ஒரு சாண் விட்டு மீதியைக் கொட்டாங்குச்சியால் நிரப்பி, மேலே மட்டும் சிராய் போட்டுப் பற்றவைக்கணும். தீ ஒரு தட்டு மாதிரி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். அதற்குக் கீழே இருந்து கிளம்புகிற புகை அந்தத் தட்டைத் தாண்டித்தான் மேலே வர முடியும், தாண்டும்போது எரிந்துவிடும். அதற்குக் காற்று வேணும்: டிரம் வாய்க்கும் போக்கி மூடிக்கும் நடுவில் மூன்று கம்பித் துண்டு வைத்து இரண்டு செ.மீ. இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிதான் புகை வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. போக்கி நாலு அடி போதும்.

ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடியும். மஞ்சள் சுடர் குட்டையாகி நீலமாக மாறும், அடித்துளையில் செக்கச்சிவந்து தெரியும். அதுதான் நேரம். அஞ்சு நிமிஷம் அசந்தால் கரியே எரிந்து சாம்பலாக ஆரம்பிக்கும். செங்கல்லை உருவி டிரம்மை இறக்குகிற வித்தையெல்லாம் வேண்டாம், முன்கூட்டியே பக்கத்தில் அரை வண்டி மணல் போட்டு வைத்து, மண்வெட்டியால் அடியைச் சுற்றி அணைத்துவிடுங்கள். மேலே தகட்டு மூடி, விளிம்பில் களிமண்.

இதற்குத் துண்டு ஒரே அளவாக இருக்கணும். அரைக் கொட்டாங்குச்சி ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் கிண்ணமாகச் சொருகிக்கொண்டால் காற்று ஏறாது, அந்த இடத்தில் தீ நின்றுவிடும். நாலாக உடைத்துப் போடுங்கள். ரொம்பப் பொடியாக்கினாலும் இதே கதிதான்.

பதில் 3: வெண்ணாறு

ரெண்டு முறையிலும் கணக்கு ஒன்றைச் சொல்ல விட்டுட்டீங்க. உள் டிரம்மில் போட்ட எடையில் நூற்றுக்கு 28, 30 கரியாக வரும், சரி. வெளியே எரித்த 10 கிலோ விறகை யார் கணக்கில் எழுதுவது? 15 கிலோ கொட்டாங்குச்சி, 10 கிலோ சுள்ளி, கிடைப்பது நாலு, நாலரைக் கிலோ. மேல்தீ முறையில் 20 சொச்சம்தான், ஆனால் தனி விறகு கிடையாது. சும்மா கிடக்கிற மட்டையும் மிலாறும் இருந்தால் ரெண்டு டிரம், விறகு காசு கொடுத்து வாங்கணும் என்றால் ஒற்றை டிரம்.

அடுத்து ஈரம். நம்ம பக்கம் புகைக்குப் பாதிக் காரணம் இதுதான். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிற சரக்கை எந்த டிரம்மில் போட்டாலும் புகையும். நீராவி தீயைக் குளிர வைத்துவிடும், குளிர்ந்த தீ வாயுவை எரிக்காது. சரக்கிலிருந்து ஒரு கிலோ எடுத்து எடை போட்டு, நல்ல வெயிலில் தகரத்தின் மேல் மூன்று நாள் வைத்துத் திரும்ப நிறுத்துப் பாருங்க. 50 கிராமுக்குள் குறைந்தால் மூட்டை காய்ந்த மூட்டை. 100, 150 குறைந்தால் மொத்தத்தையும் காயப்போடணும். ரெண்டு கொட்டாங்குச்சியை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கிறதா என்பதும் ஒத்தாசையான சோதனை. மண்டிச் சரக்கில் நாரும் ஒட்டின பருப்பும் இருக்கும். நார் புகையும், பருப்பில் எண்ணெய் இருப்பதால் கருப்பாகப் புகையும், ரெண்டையும் சுரண்டிடுங்க. பேராவூரணி, பட்டுக்கோட்டை கொப்பரைக் களத்து ஓடு கிடைத்தால் அதுவே தேவலை, ஏற்கெனவே பாதி வேலை முடிந்து வருகிறது.

காற்று: ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் வாடை, வடகிழக்கில் இருந்து அடிக்கும். உங்க மேற்கு வீட்டு மாடிக்குத்தான் நேராகப் போகும். ஆனி, ஆடியில் மேல்காற்று, புகையும் பொறியும் கிழக்கே கூரைப் பக்கம் போகும், அந்த மாசங்களில் டிரம்மைத் தொடவே தொடாதீங்க. மார்கழி, தையில் விடியற்காலை பற்றவைக்கிற தப்பைப் பலர் பண்றாங்க, ஆள் நடமாட்டம் இல்லை என்று. பனி மூட்டமாக நிற்கும்போது கீழே இருக்கிற குளிர்ந்த காற்று மேலே எழும்பாது, கொஞ்சம் புகையானாலும் தெருவோடு படுத்துக் கிடக்கும். வெயில் ஏறி, தரை சூடானதும், பத்து பத்தரைக்கு ஆரம்பிப்பதுதான் சரி. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் கடல்காற்று திரும்பும், அதற்குள் முடித்துடணும். மாசி, பங்குனி உத்தமம்.

பத்தரை மணிதான் துணி காயும் நேரமும். அதற்கு டிரம்மில் வைத்தியம் கிடையாது. முந்தின நாளே மேற்கு வீட்டு மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

அரசலாறு (கேட்டவர்)

மூன்று பேருக்கும் நன்றி. இன்னும் சில சந்தேகம். வீட்டில் பழைய ஜி.ஐ. தண்ணீர் டிரம் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை உள் டிரம்மாக வைக்கலாமா? முதலில் ஒற்றை முறையை 50 லிட்டரிலேயே செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன், துளைக் கணக்கு எப்படி மாறும்? ராத்திரி முழுக்க ஆற விடாமல் தண்ணீர் ஊற்றி அணைத்தால் என்ன? எங்கள் மண் களி, அதையே பூச்சுக்கு எடுக்கலாமா?

பதில் 4: பட்டறை

ஜி.ஐ. வேண்டாம் தம்பி. மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சு 420 டிகிரியிலேயே உருகிடும், தீயில் நேராகப் படும்போது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும். வெல்டிங் வேலைக்காரங்க எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. போக்கிக் குழாயும் ஜி.ஐ. ஆக இருக்கக் கூடாது, கருப்பு இரும்புத் தகட்டில் சுருட்டிக்கச் சொல்லுங்க.

டிரம் பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது அதில் என்ன இருந்தது என்று கேளுங்க. சமையல் எண்ணெய், கிரீஸ், இன்ஜின் ஆயில் டிரம் பரவாயில்லை. பூச்சி மருந்து, தின்னர், ஆசிட் டிரம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். எதுவானாலும் அடைப்பு ரெண்டையும் கழற்றி, சோப்புத்தண்ணி ஊற்றிக் கழுவி, வாய்வரை தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு முதல் வெட்டு போடணும். காலி டிரம்மில் ஆவி தங்கியிருக்கும், கிரைண்டர் பொறி பட்டால் வெடிக்கும். தண்ணீருக்குள் மின்சார மெஷின் வேண்டாம், மேல் விளிம்பை உளியாலும் சுத்தியலாலும் எடுத்துட்டு, தண்ணீரை இறைத்த பிறகு மற்ற வேலை.

முதல் தடவை காலி டிரம்மில் வெறும் விறகு போட்டு எரித்துப் பெயிண்டைப் போக்கிடணும். அந்தப் புகை நாற்றம் அடிக்கும், எந்த அமைப்பும் அதை மறைக்காது. இதை மட்டும் தெருவில் செய்யாமல் ஊருக்கு வெளியே களத்துமேட்டில் முடித்து எடுத்து வாங்க.

50 லிட்டருக்குத் துளைக் கணக்கு: டிரம்மின் உயரத்தைப் பார்க்காதீங்க, அடிப்பரப்பைப் பாருங்க. 57 செ.மீ.க்கு 38 துளை என்றால் 38 செ.மீ.க்கு அதில் பாதிக்கும் கொஞ்சம் கம்மி, 16, 17 துளை. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் தள்ளித் தள்ளியும் போடாமல் சமமாகப் பரப்புங்க. போக்கி 4 அங்குலம், மூன்றரை அடி. முதலில் குறைவாகத் துளை போட்டுப் பாருங்க. கூட்டுறது சுலபம், அடைக்கிறதுதான் கஷ்டம். தீ இறங்காமல் புகைந்தால் நாலு கூட்டுங்க. ரொம்ப வேகமாக இறங்கி அடியில் சாம்பல் நிறைய விழுந்தால் துளை அதிகம், மணலால் கொஞ்சம் அணைச்சுக் கொடுக்கலாம்.

தனிக்களி பூசினால் சூட்டில் வெடித்துப் பிளந்து காற்று உள்ளே போகும். உள்ளே போன காற்று ராத்திரி முழுக்கக் கரியைத் தின்னும், காலையில் திறந்தால் முக்கால்வாசி சாம்பல். களி ஒரு பங்கு, ஆற்றுமணல் ரெண்டு பங்கு, ஒரு பிடி உமி அல்லது சாணி போட்டுக் குழையுங்க. இராமநாதபுரம் பக்கம் மாதிரிக் கரிமூட்டம் இங்கே போட நினைக்கிறவங்களுக்கும் இதே பிரச்சினைதான், வெறும் வயல்களியைப் போட்டு மூடினால் ரெண்டாம் நாளே வெடிப்பு விடும்.

போக்கி இணைப்பில் கருப்பாகத் தார் சொட்டுதா என்று பாருங்க. சொட்டினால் வாயு எரியாமல் போகுது என்று அர்த்தம், மேல் துளையிலோ மேல் இடைவெளியிலோ வருகிற காற்று போதவில்லை. மதிலுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தத் தார்க்கறை சுண்ணாம்பில் இருந்து போகாது. மதிலில் இருந்து அஞ்சடி, கூரைக் கொட்டகையில் இருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு, குறைந்தது இருபது அடி. போக்கி வாயில் கொசுவலைக் கம்பி கட்டாதீங்க, தார் படிந்து அடைச்சிடும். கால் அங்குலக் கண் உள்ள இரும்புச் சல்லடை கட்டினால் பெரிய பொறி நிற்கும்.

பதில் 5: உமிக்கரி

தண்ணீர் ஊற்றி அணைப்பதைப் பற்றி: ஊற்றலாம், இஸ்திரிக்கு வேண்டாம். கொட்டாங்குச்சிக் கரி தண்ணீரை நன்றாக உறிஞ்சும், அப்புறம் காய ஒரு வாரம் ஆகும், காயாமல் பற்றவைத்தால் படபடவென்று தெறிக்கும். இஸ்திரிக்காரருக்குத் தெறிக்கிற கரி ஆகாது, வேட்டியில் ஓட்டை விழும். அடைத்து ஆறவைத்த கரிதான் அவருக்கு. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றும்போது கிளம்புகிற ஆவி முகத்தில் அடிக்கும் என்பது வேறு. தோட்டத்து மண்ணில் கலக்கப் போகிற கரி என்றால் தண்ணீர் ஊற்றியே அணைக்கலாம், ஈரமாக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. சலித்த தூளை எருக்குழியில் போட்டு ஒரு மாசம் ஊறவிட்டு அப்புறம் பாத்திக்குப் போடுங்கள், நேராகப் போட்டால் முதலில் சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

திறக்கும் முன் டிரம்மின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். துளி சூடு இருந்தாலும் மூடியே இருக்கட்டும். காற்றுப் பட்ட மறுநிமிஷம் தணல் கண் விழிக்கும். ஆறிவிட்டது என்று எடுத்ததையும் உடனே கோணியில் கட்டாமல், சிமெண்ட் தரையில் பரப்பி ஒரு பகல் ஒரு ராத்திரி வெளியிலேயே விடுங்கள். புதுக்கரி காற்றை உறிஞ்சும்போது தானே சூடேறும், மூட்டையாகக் கட்டிக் கொட்டகையில் போட்டால் நடுராத்திரி தீப்பிடிக்கும்.

சுடுவதோ ஆறவைப்பதோ திறந்த வெளியில்தான். மழை வருகிறது என்று டிரம்மைத் திண்ணைக்கோ கதவு உள்ள கொட்டகைக்கோ நகர்த்தக் கூடாது. கசிகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்திருக்க மாட்டார். குமுட்டியை மூடின அறையில் வைப்பதற்கும் இதேதான்.

நல்ல கரி உடைத்தால் உள்ளே கண்ணாடி மாதிரி மினுங்கும், தட்டினால் உலோகச் சத்தம், கையில் அதிகம் ஒட்டாது. பழுப்பு நிறமோ புகை வாடையோ இருந்தால் அரைவேக்காடு. அதை விற்காதீர்கள், அடுத்த தடவை சரக்கோடு சேர்த்துப் போட்டுவிடலாம். சாம்பிராணிக்கு அரைவேக்காடு போட்டால் வீடு முழுக்கப் புளித்த வாடை.

உமியைக் கரியாக்கலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: ரைஸ்மில் உமியைத் துளையிட்ட தகரக் கூண்டைச் சுற்றிக் குவித்துச் சுடுகிறார்களே, அது நாள் முழுக்கப் புகையும். தெருவுக்குள் வேண்டாம்.

பதில் 6: வெண்ணாறு

ஒன்று விட்டுப்போச்சு. புகைத் தொல்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 ஆக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதுச் சட்டத்தில் 152 ஆன பிரிவில் கோட்டாட்சியர் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட முடியும். வியாபாரமாக அடிக்கடி சுடுவதாக இருந்தால் தெருக் கொல்லை இடம் அல்ல, வயல் பக்கம் போயிடுங்க. வீட்டுத் தேவைக்கும் இஸ்திரிக் கடைக்கும் மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை என்றால் சமாளிக்கலாம்.

அந்த 50 லிட்டர் டிரம்மை முதல் தடவை முழுக்க நிரப்பாதீங்க. பாதி சரக்கு, நல்ல வெயில் நாள், பக்கத்தில் ரெண்டு குடம் தண்ணீரும் ஒரு கூடை மணலும். போக்கி மேலே மஞ்சள் புகை பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் மேல் இடைவெளியை ஒரு செ.மீ. கூட்டிப் பாருங்க. அப்பவும் அடங்கவில்லை என்றால் மணலைப் போட்டு அடைத்துட்டு, அந்தச் சரக்கைத் திரும்ப வெயிலில் போடுங்க.